சித்தி, யாக்கோபு திட்டுவது உங்களை அல்ல

அன்புள்ள சித்திக்கு, ஸ்தோத்திரம்.

"படுத்த படுக்கையாகிவிட்டேன், சபைக்குப் பிடியரிசிகூட எடுத்து வைக்க முடியவில்லை. கிரியை, அதாவது நற்செயல், இல்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு நிருபத்தில் வாசித்தாலே பயமாக இருக்கிறது" என்று போனில் சொன்னீர்கள். மனசு கேட்கவில்லை. உங்களைப்போல் பயந்து கிடப்பவர்கள் பாறசாலையிலும் உண்டு, களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் உண்டு. அதனால் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

அந்த வசனத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாருங்கள் (யாக்கோபு 2:15, 16). உடுக்கத் துணியும் அன்றைக்குச் சாப்பாடும் இல்லாதவர்களிடம் ஒருவன் ஒன்றும் கொடுக்காமல், "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்கிறான். யாக்கோபுக்குக் கோபம் அவன்மேல்தான். நீங்களோ உலை வைக்கும்போதெல்லாம் முதல் பிடியைக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதி அரிசியைக் களைவீர்கள், வீட்டில் தட்டுப்பாடான நாளிலும். அதை மோட்சத்துக்குக் கட்டும் தவணையாகவா போட்டீர்கள்? கர்த்தர் செய்ததை நினைத்துப் போட்டீர்கள்.

ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. இது ஆதியாகமம் 15. ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தியது 22-ஆம் அதிகாரம். விசுவாசத்தாலே நீதி என்று சொல்லும் அப்போஸ்தலன் பவுல் முன்னதை எடுத்துப் பேசுகிறார். யாக்கோபு பின்னதைக் காட்டி, முன்னது அதில் நிறைவேறியது என்கிறார். கிருபை முந்தி, கிரியை பிந்தி. எபேசியர் 2-இல் 8 முதல் 10 வரை சேர்த்து வாசியுங்கள், இதே வரிசைதான். நற்கிரியைக்காகப் படைக்கப்பட்டோம் என்னும் 10-ஐ விட்டு, நம்மில் பலர் 9-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம், அது சரியில்லை.

சிலுவையில் தொங்கிய கள்ளனால் கையையோ காலையோ அசைத்து யாருக்கும் எதுவும் செய்ய முடியாது. அவனுக்குத்தான் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்குக் கிடைத்தது.

அப்புறம், பக்கத்து வீட்டு ஆர்.சி. அக்காவோடு இதில் வாக்குவாதம் வேண்டாம். நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்கிறார், நற்கிரியைக்கு அழைப்பதும் அவரே என்று கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் சேர்ந்தே கையெழுத்துப் போட்டார்கள். யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று சொன்ன, லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தரே, 1522-இல் உரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் நன்மை செய்யாமல் சும்மா இருக்காது என்கிறார்.

திருவிருந்தை வீட்டுக்கே கொண்டுவரும்படி போதகரிடம் சொல்லியிருக்கிறேன். பயம் இன்னும் தீராவிட்டால் அவரிடமும் மனம்விட்டுக் கேளுங்கள்.

உங்கள் அக்கா மகன்