டைனோசர் நூல்களில் கணக்கு எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்கு வந்திருந்த பேத்திக்காக, டைனோசர்களைப் பற்றியும் கணிதத்தைப் பற்றியும் தமிழில் வெளிவந்துள்ள சிறுவர் அறிவியல் நூல்கள் சிலவற்றை வாங்கினேன். தாளும் படங்களும் முன்னைவிட எவ்வளவோ மேம்பட்டிருப்பது மகிழ்ச்சி அளித்தது. ஆனால் ஒரே விலங்கின் எடையை இரு நூல்கள் இரு விதமாகச் சொல்லியிருந்தன. "தாத்தா, இதை யாரு எடை போட்டுப் பார்த்தது?" என்று அவள் கேட்டாள். இரண்டு நூல்களிலும் அதற்கு விடை இல்லை.

அவள் கேட்டது எங்கள் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த பிருஹத்காயோசாரஸைப் பற்றி. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் இதற்குப் பெயரிட்டு, ஊனுண்ணி வகையில் சேர்த்தார்கள். இது நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்பது பின்னர் தெளிவாயிற்று. அதன் கணைக்கால் எலும்பு, அதாவது முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு, ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். எலும்புகள் முறையாகப் பாதுகாக்கப்படும் முன்பே சிதைந்துவிட்டதால், இன்று எஞ்சியிருப்பவை வரைபடங்களும் புகைப்படங்களும்தான். உருவம் மாறாமல் நீளம் இரு மடங்கானால் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும் என்பதைக் கலிலியோ 1638இலேயே விளக்கியிருக்கிறார். ஆகவே நீளத்தை அளப்பதில் பத்து விழுக்காடு கூடிப்போனால், 1.1 × 1.1 × 1.1 என்ற கணக்குப்படி எடையில் 33 விழுக்காடு கூடிவிடும். எலும்பே கையில் இல்லாத ஒரு விலங்குக்கு நூலுக்கு நூல் எடை மாறுவது இதனால்தான். எட்டாம் வகுப்புக் கணக்கு இது. நூலில் இரண்டு வரி போதும்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். பிரிட்டிஷ் விலங்கியலாளர் மெக்நீல் அலெக்சாண்டர், பாறையில் பதிந்த காலடித் தடங்களைக் கொண்டே டைனோசரின் வேகத்தைக் கணிக்கும் சூத்திரத்தை 1976இல் தந்தார். பாதத் தடத்தின் நீளத்தைப் போல் நான்கு மடங்கை இடுப்பின் உயரமாகக் கொள்ளலாம். ஒரே காலின் அடுத்தடுத்த இரு தடங்களுக்கு இடையிலுள்ள தொலைவையும் அளந்துகொண்டால் வேகம் கிடைத்துவிடும். அரை மீட்டர் நீளத் தடமும் நான்கு மீட்டர் இடைவெளியும் என்றால், அவ்விலங்கு மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறது. இதைப் பேத்தியுடன் சேர்ந்து போட்டுப் பார்த்தேன். விடை வந்தபோது அவள் முகத்தில் தெரிந்த பரவசத்தை எந்த வண்ணப் படமும் தந்ததில்லை. 1980இல் அமெரிக்க அறிவியலாளர்களான அல்வாரெஸ் தந்தையும் மகனும் குழுவினரோடு, களிமண் அடுக்கில் இருந்த இரிடியம் என்ற அரிய உலோகத்தின் அளவிலிருந்து, டைனோசர்கள் அழிந்த காலத்தில் பூமியில் மோதிய விண்கல்லின் குறுக்களவு சுமார் 10 கிலோமீட்டர் என்று கணித்ததும் இத்தகைய பெருக்கல் வகுத்தல்தான்.

கணித நூல்களின் குறை வேறு வகையானது. மாயச் சதுரம், விரைவுப் பெருக்கல், புதிர்கள் என்ற வட்டத்தைத் தாண்ட அவை பெரும்பாலும் முயல்வதில்லை. கணக்கை நேசிக்கும் குழந்தைக்கு அவை பிடிக்கும்; கணக்கு எதற்கு என்று கேட்கும் குழந்தைக்கு அவற்றில் விடை இல்லை. முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையில், இரண்டாவது வகைக் குழந்தைகளே மிகுதி என்பதை அறிவேன். பெ. நா. அப்புசாமி போன்றோர் அறிவியலைத் தெளிந்த தமிழில் தந்த மரபு நமக்கு இருக்கும்போது, இது செய்ய முடியாத காரியமன்று.

எனவே பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மறுபதிப்பின்போது, ஒவ்வொரு விலங்கின் எடைக்கும் பக்கத்தில், எந்த எலும்பை அளந்தார்கள், எப்படிக் கணக்கிட்டார்கள், எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பதையும் அச்சிடுங்கள். தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியும் மாதம் ஒருமுறையாவது இப்படி ஒரு கணக்கை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
அரியலூர் மாவட்டம்.