இரவுதோறும் என் கண்ணுக்கு ஒட்டுப் போட்ட கைகளுக்கு

அன்பு உறவுகளே, நண்பர்களே, வணக்கம்.

நேற்று மாலை மருத்துவமனையிலிருந்து பினாங்கு ஜெலுத்தோங் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அழுகை வந்துவிட்டது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி சொல்லவில்லை.

கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த அக்காமார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்ற எதிர்வீட்டு அண்ணன், கட்டணத்துக்குக் கைகொடுத்த கோயில் இளைஞர்கள், எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஆனாலும் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு வந்திருப்பது சார்கோய்டோசிஸ், உறுப்புகளில் சிறு முடிச்சுகளை உண்டாக்கும் நோய். அது நுரையீரலுக்கு மட்டும் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். அது முக நரம்பைத் தாக்கியதும் வலது இமை மூடவே இல்லை. தூங்கினாலும் கண் திறந்தே கிடக்கும். விழி காய்ந்தால் கருவிழியில் புண் வரும் என்றார் மருத்துவர். களிம்பு தடவி, இமையை இறக்கி, ஒட்டுநாடா போட வேண்டும். நானே ஒட்டினால் நள்ளிரவில் கழன்றுவிடும்.

பக்கத்துக் கட்டில் மலாய் மக்சிக் (மூத்த பெண்களை மலாயில் அப்படித்தான் அழைப்பார்கள்) முதல் இரவே இதைக் கவனித்துவிட்டார். தன் முதுகு வலியோடு எழுந்து வந்து, நாடாவைச் சின்னக் கத்தரியால் வெட்டி, ஒரு நுனியை மட்டும் உள்ளே மடித்து ஒட்டினார். காலையில் அந்த மடிப்பைப் பிடித்து எடுத்தால் இமைமயிர் பிடுங்காது. ஒன்பது இரவுகள் அப்படியே. "துத்துப் மாத்தா, நாக்" என்பார், கண்ணை மூடு பிள்ளையே என்று.

காசநோய் இல்லை என்று உறுதியான பிறகும் சிலர் கதவருகிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இந்த நோய் தொற்றாது. மக்சிக் அதைக் கேட்கக்கூட இல்லை.

இன்னும் தொடையில் வலுவில்லை. நாற்காலியிலிருந்து எழக் கைப்பிடி வேண்டும். தசைக்குள் இந்த நோயின் முடிச்சுகள் இருந்தாலும் பலருக்கு வெளியே தெரியாதாம். எனக்குத் தெரிந்துவிட்டது. நோயை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் நாள்பட்டால் தசையைத் தளர்த்தும், ஆனால் நானாக நிறுத்தவும் கூடாது. பொறுத்துக்கொள்கிறேன். கால் தேறியதும் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறுவேன். வரும் தைப்பூசத்துக்கு முடியாவிட்டால் அதற்கடுத்த தைப்பூசம்.

மக்சிக் எனக்கு முன்பே வீடு திரும்பிவிட்டார். மிச்ச நாடாவை என் தலையணையருகே வைத்துவிட்டுப் போனார். எண் வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. உங்களில் யாராவது அவரைச் சந்தித்தால் மலாயில் சொல்லுங்கள்: அந்தப் பிள்ளையின் கண் இப்போது பாதிவரை தானாக மூடுகிறது.