பேங்க் இருப்பு மட்டும் விசா வாங்கித் தராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைச் சுற்றுலா பற்றிய உங்கள் கட்டுரை இடங்களை அழகாக அறிமுகப்படுத்தியிருந்தது. ஆனால் ஐரோப்பிய விசாவுக்கு, கணக்கில் சில லட்சங்கள் காட்டினால் போதும், மற்றதை ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று வந்திருந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அதை நம்பி நான்கு பெரியவர்கள் விண்ணப்பித்து மறுக்கப்பட்டால், தலைக்கு 90 யூரோ வீதம் 360 யூரோ விசா கட்டணம் மட்டுமே போய்விடும். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. இரண்டும் திரும்பி வராது.

ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குப் பொதுவான விசாதான் ஷெங்கன் விசா. அது இருந்தால் அந்த 29 நாடுகளுக்கும் சேர்த்து, எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள் வரை தங்கலாம். சுற்றுலாவுக்கு விண்ணப்பிக்கிறவரைத் தூதரக அதிகாரி பெரும்பாலும் நேரில் பார்ப்பதே இல்லை. மையத்தில் இருப்பவர்கள் கைரேகை எடுத்து, காகிதங்களை வாங்கி அனுப்புவதோடு சரி; முடிவு அவர்கள் கையில் இல்லை. அதனால் எதற்குப் போகிறார், யார் செலவு செய்கிறார், எதற்காகத் திரும்பி வருவார் என்ற மூன்று கேள்விகளுக்கும் காகிதம்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு காகிதம் சொல்வதை இன்னொன்று மறுத்தால் அங்கேதான் விண்ணப்பம் விழுகிறது.

பணத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். சுற்றுலா வருகிறவரிடம் ஒரு நாளைக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான நாடுகள் அறிவித்திருக்கின்றன. பிரான்ஸில் ஹோட்டல் பதிவு செய்தவருக்கு 65 யூரோ, செய்யாதவருக்கு 120 யூரோ. ஹோட்டல் பதிவோடு பத்து நாள் போகும் தம்பதிக்கு 1,300 யூரோ ஆகிறது. விமான டிக்கெட், ஊர் சுற்றும் செலவு எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும், கணக்கில் பத்து லட்சம் வேண்டும் என்று பலரை ராத்தூக்கம் இல்லாமல் ஆக்கும் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அதிகாரி ஸ்டேட்மென்டின் கடைசி வரியை மட்டும் பார்ப்பதில்லை. மூன்று முதல் ஆறு மாத வரவு செலவை வரிசையாகப் படிக்கிறார். மாதாமாதம் சம்பளம் வருகிறதா, அந்தத் தொகை சம்பளச் சீட்டோடு ஒத்துப்போகிறதா, ஐடி ரிட்டர்னில் காட்டிய ஆண்டு வருமானத்துக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறார். நாற்பதாயிரத்தைத் தாண்டாத கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் ஐந்து லட்சம் விழுந்தால், அது கைமாற்று வாங்கிய பணம் என்றுதான் தோன்றும். உண்மையிலேயே சீட்டுப் பணமோ முதிர்ந்த வைப்புத் தொகையோ வந்திருந்தால், அதற்கான ரசீதை ஸ்டேட்மென்டோடு சேர்த்து வைத்து, கவரிங் லெட்டரில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். விளக்கம் இல்லாத ஐந்து லட்சத்தைவிட, இயல்பாக ஏறி இறங்கும் இரண்டு லட்சம் மேல். ஸ்டேட்மென்டில் வங்கியின் முத்திரையும் கையெழுத்தும் இருக்கட்டும்.

விவசாயக் குடும்பங்களுக்கு இதில் தனிச் சிக்கல். விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால் பலரிடம் ஐடி ரிட்டர்ன் இருக்காது. உடனே, இல்லாத வியாபாரம் ஒன்றைக் காட்டச் சொல்லும் ஏஜென்டுகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். பட்டா, சிட்டா, அடங்கல், கொள்முதல் நிலையத்திலிருந்தோ சர்க்கரை ஆலையிலிருந்தோ கணக்குக்கு வந்த பணத்தின் பதிவு, இவற்றோடு ஆங்கில மொழிபெயர்ப்பு என்று வைத்தால் வருமானத்துக்கும் ஆதாரம் ஆயிற்று, ஊர் திரும்புவதற்கும் காரணம் ஆயிற்று. தமிழில் மட்டும் இருக்கும் எந்த ஆவணமும் மொழிபெயர்ப்பு இல்லாமல் போனால் படிக்கப்படாமலே கிடக்கும்.

அடுத்தது பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு இது தீராத தலைவலி. பாஸ்போர்ட்டில் பெயர் செந்தில்குமார், சர்நேம் முருகேசன்; பேங்கில் எம். செந்தில்குமார், கம்பெனிக் கடிதத்தில் செந்தில்குமார் எம். நமக்கு மூன்றும் ஒருவர்தான். இனிஷியல் வழக்கம் தெரியாத அதிகாரிக்கு அது தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர் சர்நேமாக இருக்கும். கணவர் செலவு செய்கிறார் என்று கடிதம் இருக்கும். இருவரையும் இணைக்கும் காகிதம் ஒன்றுகூட இருக்காது. பெற்றோர், துணைவர் பெயர்கள் அச்சாகியிருக்கும் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்க நகலையும், பதிவுத் திருமணச் சான்றையும் கட்டாயம் வையுங்கள். பேங்கில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. அதற்கு நேரம் இல்லையென்றால், இரு பெயரும் ஒருவருடையதே என்ற நோட்டரி உறுதிமொழி கைகொடுக்கும். டிக்கெட், இன்சூரன்ஸ், விண்ணப்பப் படிவம் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து ஒன்றுகூட மாறக் கூடாது.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதிலும் நிறைய பேர் தவறுகிறார்கள். ஸ்லாட், அதாவது விண்ணப்பம் கொடுக்க முன்பதிவு நேரம், கிடைக்கிற நாட்டிடம் விசா வாங்கிக்கொண்டு எங்கும் போகலாம் என்பது தவறான யோசனை. அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும். பாரிஸில் மூன்று இரவு, ஸ்விட்சர்லாந்தில் நான்கு, ரோமில் மூன்று என்றால், பாரிஸில் இறங்கினாலும் விண்ணப்பம் ஸ்விட்சர்லாந்துக்கு. எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாட்டுக்கு. லண்டன் இந்த 29-இல் சேராது. பாரிஸிலிருந்து லண்டன் போய் ஆம்ஸ்டர்டாம் திரும்புவதாகத் திட்டம் இருந்தால், பிரிட்டன் விசா தனியாக வேண்டும். ஷெங்கன் விசாவிலும் ஒரே நுழைவு போதாது.

விசா வருவதற்கு முன் காசு கட்டி டிக்கெட் வாங்க வேண்டியதில்லை, முன்பதிவு இருந்தால் போதும். ஆனால் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் டம்மி டிக்கெட் வேறு சமாசாரம். இரண்டு நாளில் ரத்தாகிவிடும் அதன் பி.என்.ஆர். எண்ணை (முன்பதிவு எண்ணை) அதிகாரி பத்தாவது நாள் தட்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஹோட்டல் பதிவும் அப்படித்தான். இலவசமாக ரத்து செய்யக்கூடிய உண்மையான பதிவைச் செய்து, முடிவு வரும்வரை கை வைக்காமல் இருங்கள். எல்லா இரவுக்கும் தங்குமிடம் இருக்கிறதா என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். நடுவில் ஓர் இரவு விட்டுப்போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

மற்றவை எளிது. பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும். புகைப்படம் 35-க்கு 45 மில்லிமீட்டர். இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், பயண நாள் அத்தனைக்கும். வேலையில் இருப்பவருக்கு விடுப்புத் தேதிகளைக் குறிப்பிட்ட கம்பெனிக் கடிதம்.

பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளை செலவை ஏற்கிறார் என்றால், ஜெர்மனியில் அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகம் தரும் பொறுப்பேற்புப் பத்திரம் வேண்டும். பிரான்ஸில் பிள்ளை வீட்டில் தங்குவதற்கு நகராட்சி அலுவலகம் தரும் வரவேற்புச் சான்று. மெயிலில் வந்த அழைப்புக் கடிதம் இவற்றுக்கு ஈடாகாது. அசலைத் தபாலில் வரவழைக்கும் நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. மே மாதப் பயணத்துக்கு ஏப்ரலில் ஸ்லாட் தேடுகிறவர்கள்தான் ஸ்லாட்டையே விலைக்கு விற்கும் தரகர்களிடம் சிக்குகிறார்கள். டிசம்பர், ஜனவரியில் தேடினால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

மறுத்துவிட்டால், காரணத்துக்கு எதிரே குறியிட்ட அச்சுப் படிவம் ஒன்று வரும். எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறது என்று படிக்காமல் அதே காகிதக் கட்டைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதே பதில்தான் வரும். குறி விழுந்த இடத்துக்குப் புதிய ஆவணம் சேர்த்தால்தான் மறு விண்ணப்பத்துக்கு அர்த்தம் உண்டு. ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் மறுபரிசீலனை மனு வாங்குவதையே நிறுத்திவிட்டது. அங்கே இனி புதிய விண்ணப்பம், இல்லையேல் நீதிமன்றம்.

ஒழுங்காகப் போய்த் திரும்புகிறவர்களுக்கு இப்போது ஒரு பயனும் இருக்கிறது. 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி, மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்திய இந்தியர் இரண்டு ஆண்டுப் பலமுறை நுழைவு விசா பெறலாம். அதன் பின், பாஸ்போர்ட்டில் காலம் இருந்தால், ஐந்து ஆண்டு விசா. எனவே பழைய பாஸ்போர்ட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

விசா கைக்கு வந்த அன்றே ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும். மே 1 முதல் 25 வரை செல்லும் என்றும், தங்கும் நாள் 10 என்றும் இருந்தால், அந்த 25 நாளுக்குள் ஏதாவது பத்து நாள்தான் இருக்கலாம். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். மே 3 காலையில் இறங்கியவர் 12-ஆம் தேதி நள்ளிரவுக்குள் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். 13-ஆம் தேதி அதிகாலை விமானம் என்றால் அது பதினோராவது நாள்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்