கால்வே நகர மையத்தில் அறை என்று சொல்லி ஊருக்கு வெளியே தங்கவைத்தது பற்றிய புகார்

அனுப்புநர்:
பயண முன்பதிவு செய்தவர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை அலுவலகம்.

பொருள்: அயர்லாந்து சுற்றுலாவில் கால்வே நகரப் பகுதி விளம்பரத்தில் சொன்னபடி நடத்தப்படாதது, பணத்தைத் திரும்பக் கேட்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த ஜூன் மாதக் கடைசியில் உங்கள் நிறுவனத்தின் அயர்லாந்து பேக்கேஜில் நானும் என் அம்மாவும் சென்று வந்தோம். டப்ளின் ஏற்பாடுகளில் எந்தக் குறையும் இல்லை. புகார் முழுக்க கால்வே பற்றியது.

இந்தப் பேக்கேஜை நாங்கள் தேர்ந்தெடுத்ததே கால்வேக்காகத்தான். அம்மா பள்ளியில் இசை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் தினமும் பிடில் வாசிப்பவர். அந்த ஊர் பப்களில் சாயங்காலம் நடக்கும் 'செஷன்'களை யூடியூபில் பார்த்துப் பார்த்து, நேரில் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். மேடை கிடையாது, மைக் கிடையாது. மூலையில் ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து பிடில், புல்லாங்குழல், போரான் என்ற கைமேளம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ரீல் என்னும் நடன மெட்டுகளைக் கோத்து வாசிப்பார்கள். டிக் கோலி, க்ரேன் பார் போன்ற இடங்கள் இதற்குப் பேர் போனவை. உங்கள் கையேடும் இதைச் சொல்லித்தான் எங்களை அழைத்தது. '2020ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரில் இரண்டு இரவுகள், நகர மையத்தில் தங்கல், பாரம்பரிய இசை மாலை, சனிக்கிழமைச் சந்தை' என்று போட்டு, நகரின் நடுவே உள்ள அயர் சதுக்கத்தின் படத்தையும் அச்சிட்டிருந்தீர்கள்.

நடந்தது வேறு. வியாழக்கிழமை காலை 7 மணிக்கு டப்ளினில் பஸ் ஏறினோம். முதலில் மோஹர் பாறைகள். கடலிலிருந்து 214 மீட்டர் வரை எழும் அந்தப் பாறை விளிம்பைப் பார்க்க அங்கே தந்த நேரம் போதுமானது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது கிளேர் கவுண்ட்டியில் (நம் மாவட்டம் போன்றது) இருக்கிறது. அங்கிருந்து கடலோரச் சாலையில் கால்வே வந்து இறங்கும்போது மாலை ஐந்தரை. ஏழரைக்கு பஸ் திரும்பக் கிளம்பிவிடும் என்றார் வழிகாட்டி. அந்த இரண்டு மணி நேரத்திலும் முக்கால் மணி நேரம் கிளாடா மோதிரம் விற்கும் ஒரு கடையில் போனது. இரண்டு கைகள் ஓர் இதயத்தைப் பிடித்திருக்க மேலே கிரீடம் வைத்த அந்த மோதிரத்துக்குப் பெயர் தந்த கிளாடா, ஸ்பானிஷ் ஆர்ச் என்ற பழைய கல் வளைவிலிருந்து பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும் பழைய மீனவர் குடியிருப்பு. அங்கே எங்களை யாரும் கூட்டிப் போகவில்லை.

கீ தெருவில் ஒரு கடை வாசலில் இளைஞர் ஒருவர் பிடில் வாசித்துக்கொண்டிருந்தார். பிடிலைத் தோளிலிருந்து நழுவவிட்டு நெஞ்சோடு சாய்த்துப் பிடித்திருந்தார். வில்லின் சிறு பகுதியை மட்டும் பயன்படுத்தி அவ்வளவு வேகமாக வாசிக்கிறாரே என்று அம்மா அவருடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் பகுதி முடிந்து மெட்டு மேலே ஏறும் நேரத்தில் வழிகாட்டி கொடியை உயர்த்தி, நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டார். கால்வேயில் என் அம்மா கேட்ட சங்கீதம் அவ்வளவுதான். ஜூன் கடைசியில் அங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். தெரு அப்போதுதான் களைகட்டத் தொடங்கியிருந்தது.

பஸ் எங்களை இறக்கிவிட்ட ஹோட்டல் நகரத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல், நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. 'பாரம்பரிய இசை மாலை' என்பது அதன் உணவுக்கூடத்தில் ஸ்பீக்கரில் ஓடிய பதிவுப் பாட்டு. மறுநாள் கால்வேக்கு மேற்கே உள்ள கானமரா பகுதியைச் சுற்றிவிட்டு நேரே அதே ஹோட்டலுக்குத் திரும்பினோம். நாங்களே டாக்ஸியில் நகருக்குப் போய் வரலாமா என்று வரவேற்பில் விசாரித்தேன். போகலாம், ஆனால் நள்ளிரவில் திரும்பி வர வண்டி கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். சனிக்கிழமை காலை பஸ் ஊருக்குள் போகாமலே டப்ளின் பாதையில் ஏறியது. புனித நிக்கோலஸ் தேவாலயத்தை ஒட்டிக் கூடும் அந்தச் சந்தையை நாங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

ஓட்டுநர் மீதோ வழிகாட்டி மீதோ எனக்குப் புகார் இல்லை. அங்குள்ள விதிப்படி ஓட்டுநருக்குச் சாதாரணமாக ஒரு நாளில் 11 மணி நேர ஓய்வு தந்தாக வேண்டும். காலை ஏழுக்கு வேலை தொடங்கியவரை இரவு எட்டுக்கு மேல் ஓட்டச் சொல்ல முடியாது. அது நியாயமான விதி. திட்டம் போடும்போதே உங்களுக்கு இது தெரிந்திருக்கும். அப்படியிருக்க, ஊருக்கு வெளியே அறை எடுத்தால் கால்வேயில் ஒரு மாலைகூடக் கழிக்க முடியாது என்பதும் தெரிந்திருக்கும். அந்த ஊரே நடந்து பார்க்கிற ஊர். அயர் சதுக்கத்திலிருந்து ஷாப் தெரு, கீ தெரு வழியாக ஸ்பானிஷ் ஆர்ச் வரை கால் மணி நேர நடைதான். பெரும்பகுதி வண்டி நுழையாத தெரு. டப்ளினிலிருந்து தனியாக ரயிலில் வருகிறவர்கூட கியான்ட் நிலையத்தில் இறங்கியதும் அயர் சதுக்கத்துக்கு வந்துவிடுகிறார். முழுப் பணம் கட்டிய எங்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

என் முதல் மின்னஞ்சலுக்கு உங்கள் அலுவலகம் அனுப்பிய பதில்தான் என்னை இவ்வளவு விரிவாக எழுத வைத்தது. 'ஹோட்டல் கால்வேயில்தான் இருக்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். அது கால்வே கவுண்ட்டியில் இருக்கிறது, கால்வே நகரத்தில் அல்ல. இரண்டுக்கும் தனித்தனி நிர்வாக மன்றங்களே உண்டு. கோவையில் அறை என்று காசு வாங்கிப் பொள்ளாச்சியில் தங்கவைத்துவிட்டு, இதுவும் கோவை மாவட்டம்தானே என்று சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? அதிலும் கையேட்டில் 'நகர மையம்' என்று தெளிவாகவே இருக்கிறது.

ஆகவே, நகர மைய ஹோட்டலுக்கும் எங்களைத் தங்கவைத்த ஹோட்டலுக்கும் உள்ள கட்டண வித்தியாசத்தை எங்கள் இருவருக்கும் இரண்டு இரவுகளுக்கும் கணக்கிட்டுத் திருப்பித் தர வேண்டும். நடக்காத இசை மாலைக்கும் சந்தைக்கும் வசூலித்த தொகையையும் சேர்த்துத் தர வேண்டும். இதே பேக்கேஜை இன்னும் அதே படத்தோடு விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த குழு கிளம்புவதற்குள் ஹோட்டல் இருக்கும் இடத்தையும் நகரத்தில் கிடைக்கும் நேரத்தையும் உள்ளபடி அச்சிடுங்கள்; அல்லது அறையை நகருக்குள் எடுங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன் கீழ், தவறான விளம்பரம், சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் வசிக்கும் ஊரிலேயே மனு கொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது.

இணைப்பு: கையேட்டின் நகல், பணம் கட்டிய ரசீது, ஹோட்டல் முகவரியுள்ள அறைச் சீட்டு, உங்கள் பதில் மின்னஞ்சலின் நகல்.

இப்படிக்கு,
முன்பதிவு செய்தவர்
(தாயாருக்காகவும்)