லினக்ஸ் நிறுவித் தரும் தன்னார்வலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கட்டற்ற மென்பொருள் முகாம்களில் பிறர் கணினிகளுக்கு, விண்டோசுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவித் தரும் நண்பர்களுக்கு,

வணக்கம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிகிறது என்ற அறிவிப்பு வந்தபோது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததால் விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்ட மடிக்கணினிகளுள் என்னுடையதும் ஒன்று. அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் முகாம் ஒன்றுக்கு வந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் லினக்சின் ஒரு வகையான ஃபெடோராவை நிறுவி, காசு வாங்காமல், தேநீரும் கொடுத்து அனுப்பினீர்கள். அந்த நன்றி மாறாது. ஆனால் வீட்டுக்குப் போன பிறகு என்ன நடந்தது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நான் மெய்ப்புத் திருத்துபவன். என் திரையில் எப்போதும் இரண்டு ஆவணங்கள் திறந்திருக்கும்: ஒன்று மூலப்படி, மற்றொன்று திருத்தப்படி. ஆல்ட்டும் டேப்பும் அழுத்தி இரண்டுக்கும் இடையே தாவுவது இருபது ஆண்டுப் பழக்கம். அதை மூளை செய்வதில்லை, விரல்களே செய்கின்றன. ஃபெடோராவின் திரைச்சூழலான க்னோமில் அதே விசைகளை அழுத்தினால், மூலப்படிக்குப் போகாமல் உலாவிக்குப் போனது. அங்கே அந்த விசைகள் சாளரங்களுக்கு இடையே அல்ல, செயலிகளுக்கு இடையே மாற்றுபவை என்பதும், ஒரே செயலியின் சாளரங்களுக்கு இடையே மாற ஆல்ட்டோடு டேப்புக்கு மேலிருக்கும் விசையை அழுத்த வேண்டும் என்பதும், அமைப்புகளில் இதைப் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்பதும் நான்காம் நாள்தான் தெரிந்தன. மூன்று நாள் வேலை அதற்குள் பாழ்.

டெஸ்க்டாப்பில் சேமித்த கோப்புகளைக் காணாமல் ஒரு முன்னிரவு முழுவதும் தேடியதையும் சொல்ல வேண்டும். 2018-இல் வந்த 3.28 பதிப்போடு க்னோமின் கோப்பு மேலாளர் திரைப்பின்னணியில் கோப்புகளைக் காட்டும் வசதியையே கைவிட்டுவிட்டது. டெஸ்க்டாப் என்ற கோப்புறை இருக்கும், கோப்புகளும் அதனுள் பத்திரமாக இருக்கும், திரையில்தான் தெரியா. இதை ஒரே வாக்கியத்தில் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

க்னோமைக் குறை கூற நான் வரவில்லை. சாளரத்தைச் சுருக்கி ஒளித்து வைப்பதற்குப் பதிலாக பணியிடம் எனப்படும் வேறொரு திரைப்பரப்புக்கு அனுப்பிவிடுவது என்ற அதன் போக்கு பிடிபட்ட பிறகு, ஒரு நூலுக்கு ஒரு பணியிடம் என்று வைத்துக்கொண்டு முன்னைவிட ஒழுங்காகவே வேலை செய்கிறேன். விண்டோஸ் சின்னம் பொறித்த விசையைத் தட்டி, பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை அடித்தால் வேண்டியது திறந்துவிடுகிறது. ஆனால் இந்த வசதி கைவரும் வரை ஆகும் காலத்தை ஒருவர் தனியே கடக்க வேண்டியிருக்கிறது. 2011-இல் க்னோம் 3 வந்தபோது, லினக்சின் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்சே அதைக் கடிந்துகொண்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு திரைச்சூழலின் பக்கம் போனார். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பியும் வந்தார். பழைய க்னோம் 2-ஐக் கைவிட மனமில்லாதவர்கள் அதன் நிரல்களைத் தொடர்ந்து வளர்த்து மேட்டே என்று பெயரிட்டார்கள். லினக்ஸ் மின்ட் என்ற மற்றொரு லினக்ஸ் வகையின் குழுவினர் சின்னமன் என்ற திரைச்சூழலை உருவாக்கினார்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கே இவ்வளவு சங்கடம் என்றால், எழுதத் தெரியாதவர் ஒரு மணி நேரத்தில் பழகிவிடுவார் என்று எப்படி எதிர்பார்க்கிறோம்?

என் தடுமாற்றத்தை உங்களுள் ஒருவர் முன்பே ஊகித்திருந்தார். "பயப்படாதீங்க சார், விண்டோஸ் மாதிரியே ஆக்கித் தர்றேன்" என்று க்னோமோடு ஒட்டவைக்கும் துணை நிரல்களான நீட்சிகள் நான்கை நிறுவிக் கொடுத்தார். கீழே பட்டை வந்தது, பட்டியலும் வந்தது. இரண்டு மாதம் கழித்து, கேட்டுக்கொண்டபடி அடுத்த பதிப்புக்கு மேம்படுத்தினேன். மறுநாள் காலையில் அந்த நான்கும் வேலை செய்யவில்லை, நான் அதுவரை கண்டிராத வெறும் க்னோம் எதிரே நின்றது. நீட்சிகள் க்னோமின் சொந்த நிரலுக்குள் நேரடியாகக் கைவைப்பவை என்பதும், எந்தெந்தப் பதிப்புக்குப் பொருந்தும் என்று ஒவ்வொன்றும் குறித்து வைத்திருக்கும் என்பதும், க்னோமோ ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப் பதிப்பை வெளியிடுகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். 2023 செப்டம்பரில் 45-ஆம் பதிப்பு வந்தபோது எல்லா நீட்சிகளையுமே திருத்தி எழுத வேண்டியிருந்ததையும் நீங்கள் அறிவீர்கள். அறிந்தும் அந்த வேடத்தைப் போட்டுத் தருவது சரியல்ல. கீழ்ப்பட்டையும் பட்டியலும் ஒருவருக்குத் தேவையென்றால், அவை இயல்பிலேயே அமைந்த சின்னமனையோ கேடிஈ பிளாஸ்மா என்ற திரைச்சூழலையோ கொடுங்கள். க்னோம்தான் என்றால் அதை அதன் உருவிலேயே கொடுத்து, அருகில் அமர்ந்து கற்றுக்கொடுங்கள். நிறுவுவதற்கு முன் பென் டிரைவிலிருந்து இரண்டையும் நேரடியாக இயக்கிக் காட்டி, வந்தவரையே பத்து நிமிடம் தட்டிப் பார்க்கச் சொன்னால், எது பொருந்தும் என்பதை அவர் கையே சொல்லிவிடும்.

தமிழ்த் தட்டச்சு பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்கிறேன். பிழைப்பே அதில்தான் இருக்கிறது. உள்ளீட்டுப் பட்டியலில் முதலில் கண்ணில்பட்ட தமிழ்99 என்ற தட்டச்சு முறையைச் சேர்த்து, "தமிழ் வந்துவிட்டது" என்றீர்கள். வந்தது வெறும் விசைப்பலகை அமைப்பு: ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்பதோடு அதன் வேலை முடிந்தது, முன்னால் என்ன அடித்தோம் என்பதை அது பார்க்காது. தமிழ்99-இன் அழகே ஒரு மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதன் மேல் புள்ளி தானே விழுவதில் இருக்கிறது; 'பக்கம்' என்ற சொல்லில் நான் புள்ளிக்கென்று தனி விசையைத் தேடியதே இல்லை. அந்த அறிவு, ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக வரும் எம்17என் தொகுப்பின் தமிழ்99 உள்ளீட்டு முறையில்தான் உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. அதுவரை மடிக்கணினி வேண்டாம் என்று அச்சுத்தாளில் சிவப்பு மையால் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். (பதிப்பாளர் மகிழ்ந்ததென்னவோ உண்மை.)

ஆகவே நான் கேட்பது, ஒரு முகாமில் முப்பது கணினிகளுக்கு நிறுவுவதற்குப் பதில் பதினைந்தோடு நிறுத்திக்கொண்டு, மீதி நேரத்தை வந்தவரோடு செலவிடுங்கள் என்பதே. அவர் தினமும் செய்யும் ஒரு வேலையை உங்கள் முன்னாலேயே ஒரு முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். விரல் எங்கே தயங்குகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு முறை தொலைபேசியில் அழையுங்கள். எட்டாம் நாள் எனக்கு ஓர் அழைப்பு வந்திருந்தால், ஒன்பதாம் நாள்வரை நான் திண்டாடியிருக்க வேண்டாம்.

அடுத்த முகாமில் தமிழ் உள்ளீடு அமைத்துத் தருவதற்கென்று தனி மேசை போடுவதாக இருந்தால், காலை முதல் மாலை வரை அதில் நான் உட்காருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முகாமுக்கு வந்துபோன ஒரு மெய்ப்புத் திருத்துநர்