எட்டு ஊர் வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய இங்கிலாந்துப் பயணத் திட்டம் வந்தது. அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். ஆறு நாள், எட்டு ஊர். கேன்டர்பரி, ராசெஸ்டர், பாத், வின்செஸ்டர், ஆக்ஸ்ஃபோர்டு, ஸ்ட்ராட்ஃபோர்டு, கிராஸ்மியர், ஹாவர்த். முப்பது வருஷம் வகுப்பில் நின்று நான் பெயராக மட்டும் சொல்லிக்கொண்டிருந்த எழுத்தாளர்களின் ஊர்கள். அங்கெல்லாம் என்னைக் கூட்டிப்போக வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய விஷயம். ஆனாலும் எட்டு வேண்டாம். போனில் சொன்னால் நீ வேலை அவசரத்தில் "சரிப்பா, சரிப்பா" என்பாய், நானும் பாதியை மறந்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முன்பு ஒரு தடவை நானும் அம்மாவும் ஒரு குழுவோடு பேருந்தில் சுற்றுலா போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நாலு நாளில் பதினோரு இடம். ஒரு கவிஞர் வாழ்ந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டு இருபது நிமிடம் என்றார்கள். கழிப்பறை வரிசையிலேயே பாதி நேரம் போய்விட்டது. அவர் உட்கார்ந்து எழுதிய அறை எது என்று கேட்பதற்குள் ஹாரன் அடித்துவிட்டான். அந்த ஏக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அதே மாதிரி இங்கிலாந்தையும் பார்த்துவிட்டு வர எனக்கு மனசில்லை.

முதலில் எதையெல்லாம் விடலாம் என்று சொல்கிறேன். கேன்டர்பரியை விட்டுவிடு. பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் நூலில் யாத்ரீகர்கள் கதை சொல்வதெல்லாம் போகிற வழியில்தான். அவர்கள் ஊர் போய்ச் சேர்வதற்குள் நூலே நின்றுபோகிறது. அவர்கள் தேடிப்போன பேராயர் பெக்கெட்டின் சமாதியையும் 1538-ல் இடித்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் இப்போது ஒரு மெழுகுவர்த்தி மட்டும் எரிகிறது. லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய ஊர், நீ ஒரு சனிக்கிழமை போய்விட்டு வந்து எனக்குச் சொல். கிராஸ்மியர் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கிற இடம் இல்லை. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டாரதியும், அவர் பிறகு கவிதையாக்கிய அந்த டாஃபடில் பூக்களை ஏரிக்கரையில் பார்த்தது 1802 ஏப்ரல் 15-ஆம் தேதி. நாங்கள் வருவதோ ஜூனில், பூவெல்லாம் எப்போதோ உதிர்ந்திருக்கும். இன்னொரு வருஷம் ஏப்ரலில் அதற்கென்றே வருவோம்.

பாத் விஷயத்தில் உனக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். அழகான ஊர்தான். நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 1801-லிருந்து 1806 வரை அங்கே இருந்தார் என்பதும் உண்மை. ஆனால் அங்கே அவருக்கு எழுத்து சரியாக ஓடவில்லை. தொடங்கிய ஒரு நாவலையும் பாதியில் விட்டுவிட்டார். 1805-ல் அவருடைய அப்பா அந்த ஊரிலேயே இறந்துபோனார். அதற்கப்புறம் அம்மாவும் இரண்டு பெண்களும் வீடு மாற்றி வீடு மாற்றி அலைந்தார்கள். 1809-ல் அண்ணன் எட்வர்ட் சாட்டன் கிராமத்தில் ஒரு வீடு கொடுத்தார். நாவல்கள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டும் எழுதப்பட்டும் அச்சுக்குப் போனது அந்த வீட்டிலிருந்துதான். அதனால் பாத்துக்குப் பதில் சாட்டன் போடு. லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து ஆல்ட்டன் வரை ரயில், அங்கிருந்து நடக்கிற தூரம். அம்மாவின் முட்டிக்காக டாக்ஸி வைத்துக்கொள்வோம். பார்த்துவிட்டு அன்றைக்கே பேருந்தில் வின்செஸ்டர் போய்விடலாம்.

சாட்டனில் ஒரு சின்ன மேஜை இருக்கிறது. வால்நட் மரம், பன்னிரண்டு பக்கம், ஒரு தட்டும் ஒரு தம்ளரும் வைத்தால் நிறைந்துவிடும். அதில் ஒரு தாளைப் போட்டு எழுதினார். யாராவது வந்தால் கதவு கிறீச்சிட்டு முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் என்பதால் அதற்கு எண்ணெய் போட வேண்டாம் என்று தடுத்தாராம். அண்ணன் மகன் எழுதிய நினைவுக் குறிப்பில் வருகிறது. அந்த மேஜை பக்கத்தில் எனக்கு அரை மணி நேரமாவது வேண்டும்.

அவருடைய அப்பா ஜார்ஜ் ஆஸ்டினைப் பற்றி உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. கிராமத்துப் பாதிரியார். மகளுக்கு எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஒரு எழுத்துப் பெட்டி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான் என்கிறார்கள். அந்தப் பெட்டி இப்போது பிரிட்டிஷ் நூலகத்திடம் இருக்கிறது. 1797-ல், மகளுக்கு இருபத்தொரு வயதிருக்கும்போது, லண்டன் பதிப்பாளர் ஒருவருக்கு அவரே கடிதம் எழுதினார். ஒரு நாவல் கைப்பிரதி இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று. பதிப்பாளர் கைப்பிரதியைக் கேட்டுக்கூடப் பார்க்காமல் வேண்டாம் என்றுவிட்டார். மகளின் முதல் புத்தகம் 1811-ல் வந்தபோது அப்பா இல்லை.

வின்செஸ்டர் பேராலயத்தில் ஜேனின் கல்லறை இருக்கிறது. நாற்பத்தொரு வயதில், 1817 ஜூலை 18-ல் போனார். முதலில் வைத்த கல்லில் அவருடைய நல்ல குணம், அறிவு, பொறுமை எல்லாம் இருக்கிறது. புத்தகம் எழுதினார் என்று ஒரு வரி கிடையாது. அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து 1872-ல்தான் எழுத்தைப் பற்றிச் சொல்லும் பித்தளைத் தகட்டைப் பக்கத்துச் சுவரில் பதித்தார்கள். கல், தகடு, இரண்டையும் நின்று படிக்க வேண்டும்.

ராசெஸ்டர் இருக்கட்டும். லண்டனிலிருந்து வேக ரயிலில் முக்கால் மணிகூட ஆகாது என்று நீயே எழுதியிருக்கிறாய். நாவலாசிரியர் டிக்கன்ஸ் சின்ன வயதில் பக்கத்து ஊரான சாட்டமில் வளர்ந்தார். அப்பாவோடு நடக்கப் போகும்போது கேட்ஸ் ஹில் என்ற மேட்டில் ஒரு பெரிய வீடு. பையன் அதையே பார்த்துக்கொண்டு நிற்பான். நன்றாக உழைத்தால் ஒரு நாள் நீயே இதில் குடியிருக்கலாம் என்று அப்பா சொல்வார். அப்படிச் சொன்ன அப்பா கடனில் மூழ்கி 1824-ல் லண்டனில் சிறைக்குப் போனார். பன்னிரண்டு வயதுப் பையன் ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டினான். 1856-ல் டிக்கன்ஸ் அதே வீட்டை விலைக்கு வாங்கினார். 1870-ல் அங்கேயே இறந்தார். அப்பா 1851-லேயே போய்விட்டார். அந்த வீடு பின்னாளில் பள்ளிக்கூடமானது, எல்லா நாளும் உள்ளே விடமாட்டார்கள். எந்த நாள் திறக்கிறார்கள் என்று பார்த்து அதற்கேற்ப தேதியை வை. முடியாவிட்டாலும் பரவாயில்லை, சாலையோரம் அந்தப் பையன் நின்ற மாதிரி நின்று பார்த்தாலே எனக்குப் போதும்.

ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு ஒரு ராத்திரி போதும். கூட்டம் இருக்கும், கடைகள் இருக்கும், அதைத் தவிர்க்க முடியாது. ஹென்லி தெரு வீட்டில் ஷேக்ஸ்பியரின் அப்பா கையுறை தைத்து விற்றார் என்பதை அம்மாவிடம் சொன்னேன், அந்தப் பட்டறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறாள். அந்த வீட்டு ஜன்னல் கண்ணாடியில் பழைய காலத்துப் பயணிகள் தங்கள் பெயரைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் பெயர்கூட உண்டு. தோட்டத்தில் தாகூர் சிலை இருக்கிறது. சாயங்காலம் ஆற்றங்கரையோடு நடந்து திருச்சபைக்குப் போய்விடலாம். கல்லறைக் கல்லில் பெயரே இல்லை, என் எலும்பை நகர்த்துகிறவனுக்குச் சாபம் என்று நாலு வரிதான். ராத்திரி நாடகத்துக்கு டிக்கெட் கிடைத்தால் எது ஓடினாலும் சரி, போட்டுவிடு.

மிச்சப்பட்ட நாளையெல்லாம் ஹாவர்த்துக்குக் கொடு. இரண்டு ராத்திரி. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

லீட்ஸிலிருந்து கீத்லி வரை சாதாரண ரயில். அங்கிருந்து ஹாவர்த்துக்கு நீராவி ரயில் ஓடுகிறது, ஐந்து மைலுக்குள்தான். எல்லா நாளும் ஓடாது, பார்த்துக்கொள். ஸ்டேஷன் அடிவாரத்தில் இருக்கிறது, ஊர் மேட்டில். கல் பாவிய தெரு செங்குத்தாக ஏறும். அம்மாவுக்கு அது ஆகாது. கீத்லியிலிருந்து மேலே வரை பேருந்து உண்டு, அவளை அதில் கூட்டி வா. நான் ரயிலில் வந்து ஏறிக்கொள்கிறேன்.

சார்லட், எமிலி, ஆன் என்று மூவருமே நாவல் எழுதிய பிரான்டே சகோதரிகளின் வீட்டை நான் எத்தனையோ தடவை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். முன்னால் திருச்சபை, வீட்டு வாசலில் இருந்தே தொடங்கும் மயானம், பின்னால் வெறும் புல்வெளி மேடு. 1850-ல் அரசாங்கத்து ஆய்வாளர் வந்து பார்த்தார். குடிதண்ணீர் அவ்வளவு கெட்டுக் கிடந்தது. அந்த ஊரில் இறந்தவர்களின் சராசரி வயது 25.8 என்று கணக்கெடுத்தார். நூற்றுக்கு நாற்பத்தொரு பிள்ளைகள் ஆறு வயதுகூட எட்டவில்லை. இந்தக் கணக்கைச் சொன்னபோதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும்.

கீழ்த்தள அறையில் அவர்கள் எழுதிய மேஜை இருக்கிறது. மை கொட்டிய கறை, நடுவில் மெழுகுவர்த்தி சுட்ட வடு, ஓரிடத்தில் யாரோ கத்தியால் செதுக்கிய சின்ன ஆங்கில 'இ'. ராத்திரி அப்பா படுக்கப் போனதும் மூன்று பேரும் இந்த மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்து, எழுதினதைப் படித்து, கதையைப் பேசுவார்கள். பிறகு எமிலி போய், ஆனும் போன பின்னால், சார்லட் மட்டும் தனியாகச் சுற்றி நடந்துகொண்டிருந்தார் என்று படித்திருக்கிறேன். அந்த அறையில் நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அப்பா பேட்ரிக் 1826-ல் லீட்ஸ் போய்வந்தபோது பையனுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். பிள்ளைகள் அந்தப் பொம்மைகளுக்குப் பெயர் வைத்து, நாடு கொடுத்து, அவை படிப்பதற்கென்று தீப்பெட்டி அளவுக்குப் புத்தகம் செய்தார்கள். கிடைத்த காகிதத்தையெல்லாம் மடித்துத் தைத்து, பொடிப்பொடி எழுத்தில். எழுத்து அங்கேதான் தொடங்கியது. நீயும் இரண்டாம் வகுப்பில் பழைய நோட்டுத் தாளைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, நம் வீட்டு அணிலுக்குப் படிக்க என்று ஒரு புத்தகம் போட்டாய். ஏழு பக்கம். அம்மா அதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள்.

மகள்கள் பெயரை மறைத்து, ஆண் பெயர் போலத் தோன்றும் பெல் என்ற பெயரில் 1847-ல் புத்தகம் போட்டது அந்த அப்பாவுக்கே தெரியாது. சார்லட் ஒரு நாள் அச்சான புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். படித்துவிட்டுச் சாயங்காலம் தேநீருக்கு வந்தவர், சார்லட் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாள், நான் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது என்று மற்ற பெண்களிடம் சொன்னாராம். அடுத்த வருஷம் செப்டம்பரில் மகன், டிசம்பரில் எமிலி, 1849 மே மாதம் ஆன். எட்டு மாதத்தில் மூன்று பிள்ளைகள். 1855-ல் சார்லட். மூத்த பெண்கள் இருவர் 1825-லேயே போயிருந்தார்கள். ஆறு பேரையும் பறிகொடுத்துவிட்டு 1861 வரை, எண்பத்துநாலு வயது வரை, அந்த வீட்டிலேயே இருந்தார். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு மாடி ஏறும்போது படியோரக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். அந்தக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

மேட்டின் மேல் டாப் விதன்ஸ் என்று ஒரு இடிந்த பண்ணை வீடு. எமிலியின் நாவலில் வரும் இடத்துக்கு அதுதான் மாதிரி என்று உலகமே நடந்து போகிறது. கட்டடத்துக்கும் கதையில் வரும் வீட்டுக்கும் ஒற்றுமை கிடையாது என்று அங்கேயே ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் போவோம், நீயும் நானும் மட்டும். போகவே மூன்று மைலுக்கு மேல். ஜூனில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஹெதர் பூவுக்கு ஆகஸ்ட் ஆகும், அதனால் மேடு ஊதா நிறமாக இருக்காது. காற்று இருக்கும், அது போதும்.

கிளம்புவதற்குள் ஒரு நாவலாவது படித்து முடி. ஆஸ்டின், எமிலி, யாராக இருந்தாலும் சரி. அம்மா தமிழ் மொழிபெயர்ப்பில் தொடங்கிவிட்டாள். ரயிலுக்கு முன்கூட்டியே பதிவு செய்தால் விலை குறையும். எங்கள் இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டதால் சீனியர் ரயில் அட்டை வாங்கலாம், மூன்றில் ஒரு பங்கு கழிவு. லண்டன் சுற்றுவட்டாரத்தில் காலை நெரிசல் நேரத்தில் மட்டும் செல்லாது, அதனால் காலையில் அவசரப்பட வேண்டியதில்லை.

ஆக்ஸ்ஃபோர்டைப் பற்றிக் கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தேன். கல்லூரிகளை எனக்காகக் காட்ட வேண்டாம். வால்டன் தெருவில் செயின்ட் செபல்கர் என்ற பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஜி.யு. போப் அங்கேதான் இருக்கிறார். 1886-ல் திருக்குறளையும் 1900-ல், எண்பது வயதில், திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தவர். "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று கல்லில் பொறித்திருக்கிறது என்று என் தமிழ் ஐயா சொல்லி, நானும் என் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். படத்தில் உற்றுப் பார்த்தேன், அந்த வரி அதில் இல்லை. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அன்போடு வைத்த கல் என்று இருக்கிறது. இங்கிருந்து நம்மவர்கள் பணம் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள், பாப்பா. நான் சொல்லிக்கொடுத்த வரியைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. நேரில் நின்று ஒரு தடவை படித்துவிட்டால், என் பழைய மாணவர்களில் யாரைப் பார்த்தாலும் சரியாகச் சொல்வேன்.

வின்செஸ்டரிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு மாறாமல் போகும் ரயில் உண்டு. மதியத்துக்கு முன்னால் போய்ச் சேர்கிற மாதிரி பார். தோட்டத்தின் கதவு எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்டு எழுது. ஹாவர்த்தில் அறை பதியும்போது கீழ்த்தளமாகக் கேள்.

அன்புடன்,
அப்பா