கிளவுஸ் நோமிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கிளவுஸ்,

நேற்று இரவும், ஜெர்மன் பாடகரான நீங்கள் மியூனிக்கில் பாடிய அந்தக் காணொளியில்தான் போய் உட்கார்ந்தேன். 1982 டிசம்பர். பின்னால் முழு ஆர்க்கெஸ்ட்ரா. வெள்ளை பூசிய முகம், கறுப்பு உதடு, கழுத்தைச் சுற்றித் தாம்பாளம் மாதிரி விரிந்த மடிப்பு மடிப்பான வெள்ளைப் பட்டி. எய்ட்ஸோடு வரும் கபோசி சர்கோமா என்ற புற்றுநோயின் புண்களை அந்தப் பட்டி மறைத்திருந்தது என்று படித்த நாளிலிருந்து என் கண் அதை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

நீங்கள் அதில் பாடுவது 1691இல் ஆங்கிலேய இசையமைப்பாளர் பர்செல் போட்ட பாட்டு. உறைபனிக்குள் தூங்கும் குளிர்காலத்தின் ஆவியை க்யூபிட், அதாவது அந்த ஊர் மன்மதன், தட்டி எழுப்பிவிடுகிறான். என்னை ஏன் எழுப்பினாய், மறுபடி உறைந்து சாக விடு என்று அது கெஞ்சுகிறது. ஒவ்வொரு ஸ்வரமும் பல் தந்தியடிப்பதைப் போல வெட்டி வெட்டி வரும். கனத்த ஆண் குரலுக்காக எழுதியதை நீங்கள் பெண் குரலின் உயரத்துக்குக் கொண்டுபோகிறீர்கள்.

சாவு தெரிந்து தேர்ந்தெடுத்த பாட்டு என்று பலர் உருகுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1981இல் வந்த உங்கள் முதல் ஆல்பத்திலேயே அது இருக்கிறதே. பிடித்திருந்தது, பாடினீர்கள். நோய் பிறகு வந்து அதற்குப் பொழிப்புரை எழுதிக்கொண்டது.

எனக்குப் பிடித்த கிளவுஸ் வேறு ஆள். பெர்லின் ஓப்பரா அரங்கில் வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் வேலை. கூட்டம் கலைந்ததும் இறக்கிவிட்ட திரைக்கு முன்னால் நின்று கூட வேலை பார்ப்பவர்களுக்குப் பாடுவீர்களாம். அப்புறம் நியூயார்க்கில் கேக் செய்து பிழைப்பு. 1978இல் அங்கே ஒரு மேடையில் நீங்கள் பாடியபோது, இது ஒலிநாடா இல்லை, நிஜக் குரல் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. மறு வருடம் ராக் பாடகர் டேவிட் போவியோடு டிவியில். விறைத்த பிளாஸ்டிக் கோட்டுக்குள் அவரால் நடக்க முடியாது; நீங்களும் உங்கள் நண்பர் ஜோயி அரியாஸும் அவரைக் கொலு பொம்மை போலத் தூக்கி வந்து மைக் முன்னால் வைத்தீர்கள். பிறகு அதே மாதிரி ஒன்று உங்களுக்கும் செய்துகொண்டீர்கள். ஆசையைப் பாருங்கள்!

எய்ட்ஸ் என்ற பெயரே 1982இல்தான் வந்தது. பாரிஸ் ஆய்வாளர்கள் வைரஸைப் பிரித்தெடுத்த கட்டுரை 1983 மே மாதம். அந்த ஆகஸ்ட் 6ஆம் தேதி நீங்கள் போய்விட்டீர்கள், 39 வயதில். ஒன்பது மாதம் முன்பே சான் பிரான்சிஸ்கோவில் சின்தசைசர் கலைஞர் பேட்ரிக் கௌலி அதே நோயில் போனார், 32 வயது. அவரோடு சேர்ந்து டிஸ்கோ பாட்டுகள் தந்த பாடகர் சில்வெஸ்டர் 1988 டிசம்பரில் இறந்தார். அந்த வருடம் ஜூன் மாதம் நடந்த தன்பாலின ஈர்ப்பாளர் ஊர்வலத்தில் அவர் சக்கர நாற்காலியில், எய்ட்ஸ் நோயாளிகளின் அணியோடு, ஊர் பார்க்கப் போனார். உங்களுக்கு அந்த ஐந்து வருடம் கிடைக்கவில்லை. பட்டிதான் கிடைத்தது.

தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து பலர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. வந்த ஜோயிக்கும் பிளாஸ்டிக்கைப் போர்த்தித்தான் உள்ளே விட்டார்களாம். தொடக் கூடாது என்றும் சொன்னார்களாம்.

சரி, இன்று இரவு மியூனிக் வேண்டாம். போவியோடு வந்த அந்த 1979 டிவி நிகழ்ச்சியைப் போடப் போகிறேன். வாயில் டிவிப் பெட்டியோடு இருக்கும் அந்த ரோஸ் நிறப் பொம்மை நாயை நீங்கள் இரண்டு பேரும் இழுத்துக்கொண்டு வரும் இடம் வரைக்குமாவது.

அன்புடன்,
உங்கள் ரசிகன்